முதலில் அணிவகுப்பு, பிறகே தாக்குதல்

செஸ் பழகும் நம் பிள்ளைகள் சிலர் நான்கே நகர்த்தலில் தோற்று, "எனக்கு இது வராது" என்று பலகையை மூடிவிடுகிறார்கள். தொடக்கத்தை யாரும் சொல்லித் தராததே பெரும்பாலும் காரணம்.

10ஆம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அஸ்ஸூலி, செஸ்ஸின் பழைய வடிவமான ஷத்ரஞ்சில் பெயர்பெற்றவர். அதைப் பற்றி நூலும் எழுதியவர். அந்த ஆட்டத்தின் தொடக்க அமைப்பை அரபியில் 'தஅபியா' என்பார்கள். படையை அணிவகுத்தல் என்று பொருள். நம் பாடமும் அதுவே.

முதலில் ராஜாவின் முன்னுள்ள சிப்பாயை இரண்டு கட்டம் நகர்த்தி நடுப்பலகையில் இடம்பிடிக்க வேண்டும். அடுத்து, அந்தப் பக்கத்துக் குதிரையும் மந்திரியும் வெளியே வர வேண்டும். அவை வந்தால் காஸ்லிங் செய்ய வழி திறக்கும், ராஜா பத்திரமாவார். ராணியை அவசரப்பட்டு இறக்கினால், எதிராளி அதைத் துரத்திக்கொண்டே தன் காய்களை வெளிக்கொணர்வார்.

ராஜாவை ஒட்டிய மந்திரிக்கு முன்னுள்ள சிப்பாய்க்குத் தொடக்கத்தில் ராஜா மட்டுமே காவல். நான்கு நகர்த்தல் தோல்வி பெரும்பாலும் அங்கேதான் நிகழ்கிறது. எதிராளியின் ராணியும் மந்திரியும் அந்தக் கட்டத்தைக் குறிவைக்கின்றனவா என்று ஒவ்வொரு முறையும் பார்க்கப் பழக்குவோம்.

பெற்றோரே, நகர்த்தல்களை மனப்பாடம் செய்யச் சொல்ல வேண்டாம். பக்கத்தில் அமர்ந்து, "இதை ஏன் நகர்த்தினாய்?" என்று கேளுங்கள். காரணம் சொல்லத் தெரிந்த பிள்ளை, தோற்றாலும் மறுநாள் பலகையை விரிக்கும்.