வாலா வாலா போகும் மருமகனுக்கு

வாலா வாலா, வாஷிங்டன் மாநிலத்தின் தென்கிழக்கில் ஓரிகன் எல்லையை ஒட்டிய சிற்றூர். கோதுமை, இனிப்பு வெங்காயம், மாநிலச் சிறைச்சாலை ஆகியவற்றுக்குத்தான் முன்பு பேர்போனது. 1977-இல் கேரி ஃபிகின்ஸ் லியோனெட்டி செல்லர் என்ற ஒயினரியைத் தொடங்கினார். பக்கத்து லோடனில் 1981-இல் உட்வர்ட் கேன்யனும், 1983-இல் ஒரு பழைய பள்ளிக்கூடக் கட்டடத்தில் லெகோல் நம்பர் 41-உம் வந்தன. 1984-இல் அந்தப் பள்ளத்தாக்கு தனி ஒயின் வட்டாரமாக அரசு அங்கீகாரம் பெற்றது. இன்று அங்கே நூற்றுக்கு மேற்பட்ட ஒயினரிகள்.

டேஸ்டிங் ரூம்கள் பல இடங்களில் சிதறிக் கிடக்கின்றன. ஊர் நடுவே மெயின் ஸ்ட்ரீட்டையும் அதைச் சுற்றிய தெருக்களையும் நடந்தே பார்க்கலாம். விமான நிலையப் பக்கம், இரண்டாம் உலகப்போர்க்கால விமானப்படைத் தளத்தின் கட்டடங்களில் சிறு ஒயினரிகள் குடியிருக்கின்றன. தெற்கே எல்லையைத் தாண்டினால் ஓரிகனின் ராக்ஸ் டிஸ்ட்ரிக்ட். பழைய ஆற்றுப்படுகையின் கூழாங்கற்களுக்கு நடுவே கொடி வளரும் நிலம் அது; அங்கு விளையும் சீரா என்ற திராட்சையின் ஒயினில் உப்பும் புகையும் கலந்தாற்போல ஒரு வாசனை உண்டு என்பார்கள். அங்கும் லோடனுக்கும் போக வண்டி வேண்டும். நடப்பதா, ஓட்டுவதா என்பது போகிறவர் விருப்பம். நடப்பவர்களுக்கு ஒரு குறையும் வந்ததில்லை.

டேஸ்டிங் ரூமுக்குள் நடைமுறை எளிது. கட்டணம் உண்டு, பாட்டில் வாங்கினால் பல இடங்களில் அதைக் கழித்துவிடுவார்கள். வார இறுதிக்கு முன்பதிவு நல்லது. நாலைந்து வகைகளை, வெள்ளையில் தொடங்கிக் கனமான சிவப்பு வரை, வரிசையாக ஊற்றுவார்கள். முகர்ந்து, வாயில் உருட்டி, வேண்டாததை மேசையில் இருக்கும் பாத்திரத்தில் துப்பிவிடலாம். அந்தப் பாத்திரம் அலங்காரத்துக்கு வைத்ததல்ல. ஒயின் தொழிலில் இருப்பவர்கள் யாவரும் துப்புகிறார்கள். விருந்து கொடுத்தவர் முன்னால் எப்படித் துப்புவது என்று கூசி விழுங்குவது நம்மவர் வழக்கம். ஊற்றுபவர் அதை மரியாதையாக எடுத்துக்கொள்வதுமில்லை, துப்பினால் வருந்துவதுமில்லை.

ஒரு வாய் 30 மில்லி என்றால் ஐந்து வகைக்கு 150 மில்லி, அதாவது ஒரு முழுக் கோப்பை. மூன்று கடை ஏறினால் மூன்று கோப்பை. அந்த வட்டாரத்துச் சிவப்பு ஒயின்களில் ஆல்கஹால் பெரும்பாலும் 14 சதவீதத்தைத் தாண்டுவதால், கணக்கு அதற்கும் மேலே போகும். வண்டி ஓட்டுபவருக்குச் சட்ட வரம்பு ரத்தத்தில் 0.08 சதவீதம். ‘ருசிதானே பார்த்தேன்’ என்கிற ஒவ்வொருவரும் வரம்புக்குள் இருப்பதாகத்தான் நம்புகிறார். சித்தப்பாவும் அன்று அப்படித்தான் சாவியை எடுத்தார். மீதி குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். அதன்பின் அந்த வீட்டில் தீபாவளி எப்படி நடக்கிறது என்பதும் தெரியும்.

விசாவில் இருப்பவருக்கு இன்னொரு கண்டமும் உண்டு. குடித்து ஓட்டியதற்காகக் கைதானாலே போதும், தீர்ப்பு வரும்வரை காத்திருக்காமல் அமெரிக்க வெளியுறவுத் துறை விசாவை ரத்து செய்யலாம். திறந்த பாட்டிலைக் காரில் ஆட்கள் உட்காரும் பகுதியில் வைப்பதும் குற்றம். மிச்சம் இருந்தால் மூடி டிக்கியில் வைக்க வேண்டும். சியாட்டில் திரும்ப நான்கு மணி நேரத்துக்கு மேல் ஓட்டவேண்டும், வழியில் மலைக் கணவாய் வேறு. அன்றே திரும்புவதும் ஒரு வழிதான். அதைத் தேர்ந்தெடுக்க ஒரு காரணமும் தென்படவில்லை. வெளியே உள்ள தோட்டங்களைப் பார்த்தே ஆகவேண்டுமென்றால், ஓட்டுநரோடு வண்டி அமர்த்தித் தரும் சுற்றுலா நிறுவனங்கள் ஊரிலேயே இருக்கின்றன. நண்பர்களில் ஒருவர் குடிக்காமல் இருப்பதாகச் செய்யும் ஏற்பாடு இரண்டாவது கடையோடு தளர்ந்துவிடும்.

காலையில் வயிறு நிறையச் சாப்பிடுவது, கடைக்குக் கடை தண்ணீர் குடிப்பது, ஒரு நாளைக்கு மூன்று இடத்தோடு நிறுத்துவது ஆகியவை சொல்லாமலே தெரிந்தவை. மருமகனின் நிதானத்தைப் பற்றி இந்த வீட்டில் ஒருவருக்கும் சந்தேகம் கிடையாது. எட்டாம் வகுப்பிலேயே தங்கச்சியைத் தனியாக மதுரைக்குக் கூட்டிப்போய் வந்த பிள்ளை. நன்றாகச் சுற்றட்டும், நல்லதாக இரண்டு பாட்டில் வாங்கட்டும், அத்தைக்குத் தெரியாமல் ஒன்றை மாமாவுக்கு எடுத்து வைக்கட்டும். ஞாயிறு இரவு தங்கும் ஹோட்டல் செலவு மாமாவுடையது.