இரண்டாகப் பிரியும் வீடு: சின்ன காஞ்சிபுரத்துச் செங்கல் வீடுகள் - ஓர் ஆய்வு

கோயில் நகரமாகவும் பட்டு நகரமாகவும் புகழ்பெற்ற காஞ்சிபுரத்தின் கீழ்பால் அமைந்தது சின்ன காஞ்சிபுரம். விஷ்ணு காஞ்சி, அத்தியூர் என்னும் பெயர்களும் இதற்கு உண்டு. இங்கு வருவோர் வரதராசப் பெருமாள் கோயிலின் நூற்றுக்கால் மண்டபத்தைக் கண்டு வியப்பர். கோயிலைச் சூழ்ந்த தெருக்களில் எஞ்சியுள்ள பழைய செங்கல் வீடுகளை நின்று நோக்குவோர் சிலரே. பாகப்பிரிவினையில் அவ்வீடுகள் இரண்டாகும்போது நேரும் கேட்டையும், அதைத் தவிர்க்கும் வழியையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வீட்டின் அமைப்பு

இவ்வீடுகள் அகலத்திற் குறுகி நீளத்திற் பெருகியவை. தெருத்திண்ணை, ரேழி, கூடம், முற்றம், சமையற்கட்டு, கிணற்றுடன் கூடிய கொல்லை என ஒன்றன்பின் ஒன்றாக அமைந்தவை. நிலபுலன் உடையோர் வீட்டில் நெற்குதிரும், நெசவாளர் வீட்டில் தறியும் இடம்பெறும். இருபுறமும் அண்டை வீட்டுச் சுவர்கள் ஒட்டி நிற்பதால் பக்கச் சாளரங்களுக்கு இடமில்லை. ஆகவே நடுவீட்டுக்கு ஒளியும் காற்றும் தருவது முற்றமே. கூரையில் விழும் மழைநீரும் முற்றத்தில் இறங்கி, ஒரே தூம்பு வழியாக வெளியேறும்.

சுவர்கள் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டவை. பல வீடுகளின் மேல்தளம் மெட்ராஸ் டெரஸ் வகையைச் சார்ந்தது. சுவருக்குச் சுவர் மரக்கட்டைகளைப் பரப்பி, அவற்றின்மேல் சிறு செங்கற்களைச் சாய்கோணத்தில் குத்துவாட்டமாக அடுக்கி, சுண்ணாம்பு கலந்த செங்கல் ஜல்லியிட்டு அடித்து இறுக்குவர்.

குறுக்கே எழும் சுவர்

உடன்பிறந்தார் இருவர் பிரியும்போது, இருவருக்கும் தெருவாசல் வேண்டும் என்று வீட்டின் நடுவே நெடுக்குச் சுவர் எழுப்புவது வழக்கம். உள்ளகலம் 20 அடி, முற்றத்தின் அகலம் 8 அடி எனக் கொள்வோம். 9 அங்குலச் சுவர் எழுந்தபின் ஒவ்வொரு வீட்டின் அகலமும் 9 அடி 7½ அங்குலமாகும். முற்றமோ ஒருவருக்கு 3 அடி 7½ அங்குலமே எஞ்சும். உயர்ந்த சுவர்களுக்கிடையே அவ்விடுக்கில் ஒளி குன்றும். கோர்வை நெசவில் மூன்று நாடாக்கள் ஓட, நெய்பவரருகே உதவியாளர் ஒருவரும் அமரவேண்டும். இடமும் ஒளியும் குறைந்தால் தொழிலே இடர்ப்படும். தூம்பு ஒருவர் பக்கம் சென்றால் மற்றவர் முற்றத்தில் நீர் தேங்கும்.

மேல்தளத்துக்கும் தீங்குண்டு. இருமுனையில் தாங்கப்பட்ட மரக்கட்டையின் நடுவே புதுச்சுவரை முட்டக் கட்டினால், கட்டையின் வளைவு மாறித் தளத்தின் மேற்புறத்தில் வெடிப்பு தோன்றலாம். அதன்வழி மழைநீர் இறங்கி மரத்தை உளுக்கச் செய்யும். ஒருவர் தம் பாதியை இடிக்க முற்பட்டால் மற்றவரின் கட்டைகள் ஒருமுனைத் தாங்கலை இழக்கும். பழைய சுண்ணாம்புச் சுவருக்குச் சிமெண்டுப் பூச்சு இடுவதும் ஈரத்தை உள்ளே அடைத்துச் சுவரை அரிக்கும்.

சட்டத்தின் நோக்கு

1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 23ஆம் பிரிவு, ஆண் வாரிசுகள் பிரித்துக்கொள்ள முன்வரும்வரை குடியிருப்பு வீட்டைப் பிரிக்குமாறு பெண் வாரிசு கோர இயலாது என்றது. 2005ஆம் ஆண்டுத் திருத்தம் அப்பிரிவை நீக்கிற்று. இன்று மகளும் தன் பங்கைப் பிரித்துக் கேட்கலாம். காயல்பட்டினத்து முஸ்லிம் குடும்பங்களிலோ மகளுக்கே வீடு அளிக்கும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. எனவே வீட்டைப் பகிர்வது ஆண்மக்களின் சிக்கல் மட்டுமன்று.

1882ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டத்தின் 13ஆம் பிரிவு, பிரிந்த ஒரு பங்கை அனுபவிக்க மற்றப் பங்கின்வழி இன்றியமையாத உரிமை தேவைப்பட்டால் அதனை அளிக்கிறது. எனினும் வழி, வடிகால், கிணறு ஆகியவற்றைப் பத்திரத்திலேயே தெளிவாக எழுதிக்கொள்வது பிற்காலப் பூசலைத் தவிர்க்கும்.

முடிவுரை

அறைகளைப் பிரித்துக்கொள்க, முற்றத்தையும் தூம்பையும் கிணற்றையும் பொதுவில் வைத்துக்கொள்க. முன்கட்டு ஒருவருக்கும் பின்கட்டு ஒருவருக்குமாகக் குறுக்கே பிரித்து, ரேழியைப் பொதுவழியாக்குவதும் ஏற்ற முறையே. சுவர் எழுமுன் வீட்டை அளந்து வரைபடம் தீட்டி, மரக்கட்டைகள் செல்லும் திசையைக் குறித்துக்கொள்ளுதல் வேண்டும். மாணவர்கள் தத்தம் தெருவில் ஒரு பழைய வீட்டையேனும் இவ்வாறு அளந்து பதிவு செய்வார்களாக. பெரியோர்கள் பாகம் பேச அமரும் நாளில் அவ்வரைபடம் அவர்கள் முன் இருக்குமாயின், உறவும் வீடும் ஒருங்கே காக்கப்படும்.