நாய்க்குட்டி ஏன் நடுங்குகிறது?

நெகிரி செம்பிலான் தோட்டப்புறங்களில் பிற்பகல் இடிமழை புதிதன்று. மழை விட்டதும், லயன் வீட்டு அஞ்சடியில் நனைந்து ஒடுங்கிய நாய்க்குட்டி வெடவெடவென நடுங்குவதைப் பலரும் பார்த்திருப்பர். ‘குளிர்தான்’ என்று சாக்கைப் போர்த்திவிட்டுப் போய்விடுவர். பெரும்பாலும் அது சரியே. ஆயினும், சில வேளைகளில் அந்த முடிவு குட்டியின் உயிருக்கே உலையாகிவிடும்.

நடுக்கம் ஒரு நோயன்று; அஃது உடல் காட்டும் அறிகுறி. குளிரும்போது தசைகள் விரைந்து சுருங்கி விரிந்து வெப்பத்தை உண்டாக்குகின்றன. பானையிலுள்ள தேநீரைவிடக் குவளைத் தேநீர் விரைவில் ஆறிவிடுகிறது. அதுபோலவே, சிறிய உடலும் வெப்பத்தை விரைவில் இழக்கிறது. இடியோசை, பட்டாசு வெடி ஆகியவற்றுக்கு அஞ்சியும் நாய்கள் நடுங்கும். ஈரத்தைத் துடைத்து, உலர்ந்த துணியில் அமைதியான இடத்தில் படுக்க வைத்தால் இத்தகைய நடுக்கம் சிறிது நேரத்தில் அடங்கிவிடும்.

அடங்காத நடுக்கமே கவலைக்குரியது. அப்போது, நடுக்கத்தோடு வேறு என்ன தெரிகிறது என்று பார்க்க வேண்டும். பால்குடி மறந்த சின்னஞ்சிறு குட்டி உண்ணாமல் சோர்ந்து நடுங்கினால், இரத்தத்தில் சர்க்கரை குறைந்திருக்கலாம். கண்ணிலும் மூக்கிலும் சளி வடிந்து, தூக்கத்திலும் தசைகள் துடித்தால், அது ‘டிஸ்டெம்பர்’ எனும் தொற்றுநோயாக இருக்கலாம். தடுப்பூசி போடாத குட்டிகளை இந்நோய் எளிதில் தாக்கும். எச்சில் ஒழுக, வாந்தியெடுத்து நடுங்கினால், பூச்சிமருந்து போன்ற நஞ்சு உடலில் கலந்திருக்கலாம். செம்பனைத் தோட்டங்களில் வைக்கப்படும் எலிமருந்தின் பாதிப்போ சில நாள் கழித்தே வெளிப்படும். ஈறுகள் வெளுத்து நாய் தளர்ந்துபோகும்.

நாயின் இயல்பான உடல் வெப்பநிலை ஏறத்தாழ 38.3 முதல் 39.2 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும். இது மனிதரின் வெப்பநிலையைவிட அதிகம். ஆகவே, தொட்டுப் பார்த்துக் காய்ச்சல் என முடிவு செய்யக் கூடாது. மனிதருக்குரிய காய்ச்சல் மாத்திரையையும் கொடுக்கக் கூடாது. பாராசிட்டமால் நாய்க்கு நஞ்சாகலாம்.

தோட்டத்திலிருந்து சிரம்பானுக்கோ போர்ட்டிக்சனுக்கோ செல்ல நேரம் பிடிக்கும். எனவே, கால்நடை மருத்துவரை முதலில் தொலைபேசியில் அழைப்பது நல்லது. நடுக்கம் எப்போது தொடங்கியது, குட்டி எதைத் தின்றது என்பதைத் தெளிவாகக் கூற வேண்டும். கைப்பேசியில் பதிவுசெய்த சிறு காணொளியும் மருந்துப் பொட்டலமும் மருத்துவருக்கு உதவும்.

வாயில்லா உயிரால் தன் வலியைச் சொல்ல இயலாது. அது சொல்லாததைக் கவனித்து அறிவதே வளர்ப்பவரின் கடமையாகும்.