சிவப்புச் சூரியகாந்தியும் சில கட்டுக்கதைகளும்

நம்மூரில் சூரியகாந்தி என்றால் எண்ணெய்ப் பயிர். ஆளுயரத் தண்டு, உச்சியில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு பூ, அதைக் கொத்த வரும் கிளிக்கூட்டம். அதே செடியை அமெரிக்காவில் சிறு பண்ணைக்காரர்கள் கொய்மலருக்காக வளர்க்கிறார்கள். அதிலும் பாரம்பரிய ரகங்களைத் தேடிப் பிடிப்பவர்கள் உண்டு. அந்த ரகங்களைப் பற்றி உலவும் தவறான பேச்சில் பாதி, எண்ணெய்ச் செடியை மனதில் வைத்துக்கொண்டு பூச்செடியை எடைபோடுவதால் வருவது.

'பாரம்பரிய ரகம் என்றால் ஆதிகாலத்துச் செடி' என்பார்கள். பயிர் பழையதுதான். வட அமெரிக்கப் பூர்வகுடிகள் 4,000 ஆண்டுகளுக்கு முன்பே அதைப் பயிராக்கிவிட்டார்கள். ஹோப்பி மக்கள் கூடை முடையும் நாருக்குச் சாயமேற்றிய கருவிதை ரகம் இன்றும் கிடைக்கிறது. ஆனால் செந்நிறப் பூ நேற்று வந்தது. 1910-இல் கொலராடோ மாநிலத்தின் போல்டர் நகரில், வில்மாட் காக்கரெல் என்ற ஆசிரியை தன் வீட்டருகே இதழில் செம்பழுப்பு படிந்த ஒரு காட்டுச் செடியைக் கண்டார். பெயர்த்து வந்து தோட்டத்தில் நட்டார். சூரியகாந்தி பொதுவாகத் தன் மகரந்தத்தைத் தானே ஏற்காது. துணைக்கு இன்னொரு சிவப்புச் செடியும் இல்லை. மஞ்சளோடுதான் சேர்க்க வேண்டியிருந்தது. முளைத்த செடிகளில் ஏறக்குறையப் பாதி சிவப்பாகப் பூத்தன. இன்று 'வெல்வெட் குவீன்', 'ஈவினிங் சன்' என்று விற்கும் செந்நிற ரகங்களின் நிறம் பெரும்பாலும் அந்த வழி வந்ததே.

'இதழ் முழுக்க விரிந்ததும் வெட்டு' என்பது இன்னொன்று. அப்போது வெட்டினால் தாமதம். நடுவட்டில் இருப்பவை நூற்றுக்கணக்கான குட்டிப் பூக்கள். வெளி வளையத்தில் தொடங்கி நாளுக்குச் சில வரிசையாக உள்நோக்கி மலர்பவை. வட்டை மூடியிருந்த மஞ்சள் இதழ்கள் மெல்ல நிமிரத் தொடங்கும்போதே, வெயில் ஏறுமுன் வெட்டிவிட வேண்டும். மீதி ஜாடியிலேயே விரியும். தண்ணீரில் ஆஸ்பிரின், காசு போடுவதெல்லாம் வீண்வேலை. கீழிலைகளை உருவிவிட்டு நல்ல தண்ணீரை அடிக்கடி மாற்றினால் போதும். இந்தப் பூ நிறையவே குடிக்கும்.

பாரம்பரியப் பூ மேசைவிரிப்பைக் கறையாக்கும் என்ற புகார் மட்டும் பொய்யல்ல. மகரந்தம் கொட்டத்தான் செய்யும். அதனால்தான் கடைக்காரர்கள் மகரந்தமில்லாத ஹைப்ரிட்டை விரும்புகிறார்கள். அது மரபணு மாற்றிய செடி என்பது வெறும் புரளி. 1969-இல் பிரான்சின் ஆய்வாளர் லெக்லெர்க், காட்டினம் ஒன்றோடு கலப்பு செய்தபோது கண்ட, மகரந்தம் உருவாகாத ஆண்மலட்டுத் தன்மைதான் ஹைப்ரிட் விதை உற்பத்திக்கே வழி திறந்தது. தேன் அதிலும் சுரக்கும், தேனீயும் வரும்.

'நுனியைக் கிள்ளினால் செடி பாழ்.' ஒற்றைத் தண்டு ஹைப்ரிட்டுக்கு இது சரி. 'ஆட்டம் பியூட்டி' போலக் கிளைக்கும் பாரம்பரிய ரகத்தில் நடுப்பூவை வெட்டினால் பக்கக்கிளைகள் பூக்கும். அவை சின்னப் பூக்கள். பூங்கொத்துக்குத் தேவையானதும் அதுதான். மூன்று மீட்டர் வளரும் 'மாமத் ரஷ்யன்' பூவை எந்த ஜாடி தாங்கும்? ஒற்றைத் தண்டு ரகத்தை 15 சென்டிமீட்டர் இடைவெளியில் நெருக்கி நட்டால் பூ அளவோடு நிற்கும். கிளைக்கும் ரகத்துக்கு 45 சென்டிமீட்டராவது விட வேண்டும். தழைச்சத்தை அள்ளிக் கொட்டினால் இலைதான் மிஞ்சும்.

பூ நாள் முழுக்கச் சூரியனோடு திரும்புமா? மொட்டுப் பருவத்தில் திரும்பும். முதிர்ந்தபின் கிழக்கு பார்த்தே நின்றுவிடும். காலை வெயிலில் சீக்கிரம் சூடாகும் பூவைத் தேனீ அதிகம் நாடுகிறது என்று 2016-இல் கலிபோர்னிய ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

'பாரம்பரிய விதையை எடுத்து வைத்தால் அதே பூ வரும்' என்ற நம்பிக்கைதான் அதிக ஏமாற்றம் தருவது. பக்கத்து ரகத்தின் மகரந்தத்தைத் தேனீ சுமந்து வந்துவிடும். விதைக்கென்று ஒரே ரகத்தில் சில செடிகளை ஒதுக்கி, இதழ் நிமிருமுன் மெல்லிய துணிப்பை கட்டுங்கள். வட்டு மலர்கிற நாட்களில் காலையில் பையைக் கழற்றி, ஒரு செடியின் பூவை இன்னொன்றின் மீது மெதுவாகத் தேய்த்து, மறுபடி கட்டிவிடுங்கள். விதை முற்றும்வரை பை அப்படியே இருக்கட்டும். கிளிக்கும் அதுவே காவல்.