பனாமாத் தொப்பியும் அதை முடைந்த கைகளும்

பனாமாத் தொப்பி என்று உலகெங்கும் வழங்கும் வெண்ணிறத் தொப்பி பனாமா தேசத்துச் சரக்கன்று. தென் அமெரிக்காவின் மேற்குக் கரையிலுள்ள ஈக்வடார் தேசத்தில் முடையப்படுவது. செய்தவர் ஊர்ப்பெயர் மறைந்து, விற்ற துறைமுகத்தின் பெயர் நிலைத்த விதத்தை நமது சங்க அங்கத்தினர்கள் அறிதல் நலம்.

இதன் மூலப்பொருள் தொக்கியா என்னும் செடியின் குருத்து. இச்செடி பனையைப்போல் விசிறியோலை உடையதாயினும் பனை இனத்தைச் சேர்ந்ததன்று. கடற்கரைப் பக்கத்துக் குடியானவர்கள் குருத்தை வெட்டி, பச்சைத் தோலை நீக்கி நாரைப் பிரித்து, வேகவைத்து உலர்த்தி, கந்தகப் புகையில் வெளுக்கிறார்கள். முடைபவர் உச்சியில் தொடங்கி விளிம்புவரை சுற்றிச் சுற்றி முடைகிறார். சாதாரணத் தொப்பிக்கு ஒரு நாள் போதும். மிக நுண்ணியதற்கு எட்டு மாதங்களும் செல்லும். பின்னர்க் கழுவி, வெளுத்து, இஸ்திரி போட்டு, அச்சில் அழுத்தினால்தான் தொப்பி கடைக்கு ஏற்றதாகும்.

இனி வியாபாரத்தைக் கவனிப்போம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இத்தொப்பிகள் பனாமாவுக்குக் கப்பலேறின. 1848-ல் கலிபோர்னியாவில் பொன் கண்டெடுக்கப்பட்டபின், அங்கு விரைந்தோர் பலர் பனாமா வழியே சென்றனர். வெயிலுக்காக இத்தொப்பியை அங்கே வாங்கினர். வாங்கிய இடத்தின் பெயரே சரக்கின் பெயராயிற்று.

குவென்கா என்னும் மலைநாட்டு நகரைச் சுற்றிய கிராமங்களில் இதனை முடைந்தோருள் பெண்களே மிகுதி. அவர்களுக்கு நார் கடற்கரையிலிருந்து வியாபாரிகள் மூலம் வந்தது. முடைந்ததை மெருகிடாமலே சந்தையில் தரகரிடம் விற்றனர். மெருகும் முத்திரையும் பட்டணத்து ஏற்றுமதிக்காரரிடம் நடைபெற்றன. ஆகவே வாங்கும்போதும் விற்கும்போதும் விலையை நிர்ணயித்தவர் பிறரே.

தரகரை நிந்திப்பதால் மட்டும் பயனில்லை. நார் கொணர்தல், தரம் பிரித்தல், மெருகிடல், தூரதேசத்தில் விற்றல் ஆகிய வேலைகளை யாரேனும் செய்தே தீரவேண்டும். செய்பவருக்கே அதன் ஊதியம் சேரும். தனி ஆளால் இயலாத இவற்றை ஒரு சங்கம் செய்யக்கூடும். ஆனால் முன்பணம் பெற்றுக் கடனில் சிக்கியவன், நல்ல விலைக்குக் காத்திருக்க மாட்டான். ஆதலின் முடைபவருக்கு உரிய காலத்தில் சங்கக் கடன் கிடைப்பது முதற்படியாகும்.

2012-ல் ஐக்கிய நாடுகளின் கல்வி, விஞ்ஞான, கலாசார ஸ்தாபனம் இக்கைத்தொழிலை மானிட சமூகத்தின் பாரம்பரியச் செல்வங்களுள் ஒன்றாகப் பதிவு செய்தது. அப்பதிவில் ‘ஈக்வடார் தொக்கியாத் தொப்பி’ என்றே எழுதப்பட்டது. கடைகளிலோ பனாமா என்ற பெயரே இன்றும் வழங்குகிறது. ஒருமுறை இழந்த பெயரை மீட்பது அத்துணை அரிது.

பாய், கூடை, ஓலைப்பெட்டி முடையும் அங்கத்தினர்கள் அடுத்த கூட்டத்தில் ஆலோசிக்கத்தக்க வினாக்கள்:

1. நமது மூலப்பொருளை நாம் சேர்ந்து வாங்குகிறோமா, தனித்தனியே வாங்குகிறோமா?

2. நமது சரக்கு எந்த நிலையில் நம் கையை விட்டுப் போகிறது? அதன்பின் அதற்குச் செய்யப்படும் வேலைகளுள் எவற்றை நாமே செய்யலாம்?

3. வாங்குவோர் அதனை எந்த ஊர்ச் சரக்கென்று அறிகின்றனர்?