சுவரை நக்கும் பசு

கடன் நிலுவையை ஆராய வேண்டின் நாம் முதலில் கணக்குப் புத்தகத்தையே புரட்டுகிறோம். சில வேளைகளில் விடை கொட்டிலில் கிடக்கிறது. திருவொற்றியூரில் கறவை மாட்டுக் கடன் பெற்ற அங்கத்தினர் ஒருவரின் பசு, ஈன்று ஓராண்டாகியும் சினை பிடிக்கவில்லை. பால் வற்றியது, தவணையும் நின்றது. நாம் சென்றபோது அப்பசு சுவரை நக்குவதும் கந்தைத் துணியைச் சவைப்பதுமாக நின்றது. “கெட்ட பழக்கம், ஐயா” என்றார் அவர்.

அது பழக்கமன்று. பெரும்பாலும் பாஸ்பரஸ் சத்துக் குறைவின் அடையாளம், குடற்புழுவும் காரணமாகலாம். பால் வற்றியதும் அவர் தவிட்டை நிறுத்தி, வெறும் வைக்கோலே இட்டு வந்தார். வைக்கோலில் பாஸ்பரஸ் மிகக் குறைவு. அதிலுள்ள ஆக்சலேட்டு சுண்ணாம்புச் சத்தையும் பிணித்துவிடும். பச்சைத் தீவனத்திலுள்ள கரோட்டீன் அதில் இல்லாமையால் வைட்டமின் ஏ குறைந்து, மாட்டுக்கு மாலைக்கண்ணும், பிறக்கும் கன்றுக்குக் குருடும் நேரலாம். ராயபுரம் முதல் எண்ணூர் வரை மேய்ச்சல் நிலம் அரிது. குறையைத் தீர்க்க மாடு தெருவில் தேடுகிறது. அங்கு விழுங்கும் பிளாஸ்டிக் பை இரைப்பையிலேயே தங்கிவிடுகிறது.

“கடற்கரையில் மேய்வதற்கு உப்புக்கா பஞ்சம்?” என எண்ணூர்ப் பக்கம் கேட்பர். கல்லுப்பு தருவது சோடியமும் குளோரினுமே. தென் ஆஸ்திரேலியக் கடலோரத்தில் மேய்ந்த செம்மறியாடுகள் மெலிந்து மடிந்ததற்குக் கோபால்ட் குறைவு காரணமென 1935-இல் தெளிவாயிற்று. செம்புக் குறைவும் உடனிருந்தது பின்னர் தெரிந்தது. 1948-இல் பிரித்தெடுக்கப்பட்ட வைட்டமின் பி12-இன் நடுவே இருப்பதும் கோபால்ட்டே. இரைப்பை நுண்ணுயிர்கள் அதனைக் கொண்டே அவ்வைட்டமினை ஆக்குகின்றன. தேவையோ இம்மியளவு. பாவில் ஓரிழை அறுந்தால் சேலை முழுதும் தடம் தெரிவதைத் தறிக்கார அங்கத்தினர் அறிவர்.

மருத்துவரிடம் காட்டிப் புழு நீக்கியபின், தாது உப்புக் கலவையைப் பொட்டலத்திற் கண்ட அளவில் நாள்தோறும் தவிட்டில் கலந்து தருக. வாரம் ஒருமுறை கைநிறைய அள்ளிப் போடுவது வீண். மாதவரத்தில் தலைமையகம் கொண்ட தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் நம் மாநிலத்துக்கேற்ற கலவையைத் தயாரித்துள்ளது. அகத்திக்கீரையும் பசும்புல்லும் கிடைத்தவரை சேர்க்கலாம். மாட்டுக்குரிய கலவையைச் செம்மறியாட்டுக்கு இடலாகாது. செம்பு சற்று மிகினும் அதற்கு நஞ்சு.

பசுவின் விலையைக் கணக்கிட்டுக் கடன் வழங்கிய நாம், அதன் தீனிச் செலவைக் கணக்கிடாதது நம் பிழையே. அவ்வங்கத்தினர் கலவை இடத் தொடங்கியுள்ளார். பசு இன்னும் பருவத்துக்கு வரவில்லை. தவணைக்கு ஆறு மாத அவகாசம் கோரும் அவர் மனு அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில் வைக்கப்படும்.