விந்துக் கலத்தில் புரதப் பொசுபோரிலேற்றம்
(உதாரணம்: கடல் முள்ளெலி)

கடல் முள்ளெலி முட்தோலி வகையைச் சேர்ந்த விலங்காகும். இதில் கருக்கட்டல் உடலுக்கு வெளியே, கடல்நீரில் நிகழும். ஆணின் உடலினுள் அசையாதிருக்கும் விந்துகள் கடல்நீரை அடைந்ததும் நீந்தத் தொடங்குகின்றன. இம்மாற்றம் எவ்வாறு ஏற்படுகின்றது என்பதை இப்பகுதியில் கற்போம்.

1. விந்தின் தனித்தன்மை
முதிர்ந்த விந்தில் குழியவுரு மிகக் குறைவு. அதனால் தனது தேவைக்குப் புதிய புரதங்களைத் தொகுக்க முடியாது. ஏற்கனவே உள்ள புரதங்களின் தொழிற்பாட்டை மாற்றுவதே அதற்குள்ள வழியாகும்.

2. பொசுபோரிலேற்றம் என்றால் என்ன?
ஏ.ரீ.பீ. மூலக்கூறிலிருந்து ஒரு பொசுபேற்றுக் கூட்டம் புரதமொன்றுடன் இணைக்கப்படுதல் புரதப் பொசுபோரிலேற்றம் எனப்படும். இதனால் புரதத்தின் வடிவமும் தொழிற்பாடும் மாறலாம்.
• கைனேசு நொதியங்கள் பொசுபேற்றை இணைக்கும்.
• பொசுபற்றேசு நொதியங்கள் அதனை அகற்றும்.
எனவே இது மீளக்கூடிய மாற்றமாகும். 1950களில் இதனைக் கண்டறிந்த எட்மண்ட் பிஷர், எட்வின் கிரெப்ஸ் ஆகியோர் 1992இல் நோபல் பரிசு பெற்றனர்.

3. நீந்தத் தொடங்கல்
(அ) கடல்நீரிலுள்ள சோடியம் அயன்கள் விந்தினுள் செல்ல, ஐதரசன் அயன்கள் வெளியேறும்.
(ஆ) விந்தினுள் பீ.எச். பெறுமானம் உயரும். வாலை அசைக்கும் டைனீன் என்னும் புரதம் ஏ.ரீ.பீ.யைப் பயன்படுத்தித் தொழிற்படும்.
(இ) சக்கர ஏ.எம்.பீ. என்னும் தூது மூலக்கூறு கைனேசு நொதியத்தைத் தூண்டும். வாலிலுள்ள சில புரதங்கள் பொசுபோரிலேற்றப்படும்.
விந்திலுள்ள சக்திச் சேமிப்பு சிறிதளவே. முன்கூட்டியே நீந்தினால் அது வீணாகிவிடும். ஆகவே சரியான வேளையில் தொடங்குவது அவசியம்.

4. சூலை நோக்கிச் செல்லல்
வட அமெரிக்காவின் அத்திலாந்திக் கரையில் வாழும் ஆபேசியா என்னும் கடல் முள்ளெலியின் சூலைச் சூழ்ந்த செலி, ரிசாக்ற் என்னும் பதார்த்தத்தை வெளிவிடும். இது 14 அமினோவமிலங்களாலானது, விந்துகளைக் கவர்ந்திழுக்கும். விந்தின் மென்சவ்விலுள்ள வாங்கிப் புரதம் முன்னரே பொசுபேற்றுக் கூட்டங்களைக் கொண்டிருக்கும். ரிசாக்ற் இணைந்ததும் அப்புரதம் நொதியமாகத் தொழிற்பட்டு உள்ளே செய்தியைக் கடத்தும். பின்னர் சில செக்கன்களில் பொசுபேற்று அகற்றப்பட, அதன் தொழிற்பாடு குறையும்.

கவனிக்க: பொசுபேற்று இணைந்தால் எப்புரதமும் தூண்டப்படும் என எழுதுவது தவறு. சில புரதங்கள் தூண்டப்படும், சில நிரோதிக்கப்படும்.

மாதிரி வினா
விந்து புதிய புரதங்களைத் தொகுக்காமலே தனது செயற்பாட்டை விரைவாக மாற்றிக்கொள்வது எவ்வாறு?

விடை
ஏற்கனவே உள்ள புரதங்களுடன் கைனேசு நொதியங்கள் பொசுபேற்றுக் கூட்டங்களை இணைப்பதாலும், பொசுபற்றேசு நொதியங்கள் அவற்றை அகற்றுவதாலும் புரதங்களின் தொழிற்பாடு மாறுகின்றது. புரதத் தொகுப்புக்குக் கூடிய நேரம் தேவை. இம்மாற்றம் செக்கன்களில் நிகழும்.

பயிற்சி
கைனேசு நொதியம் தொழிற்படாத ஒரு விந்தைக் கடல்நீரில் இட்டால், மேலே 3இல் தரப்பட்ட எப்படி நேரடியாகப் பாதிக்கப்படும்? காரணம் தருக.